அனாமத்துக் கணக்கு

ஒரு மணிக்கு எழுபத்திரண்டு ஜிப்.
குறைந்தால் மேற்பார்வையாளர்
முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார், பேசமாட்டார்.
மாபுட்சுவே ஆலையில் நான்காம் வரிசை எனக்கு.
கடல்தாண்டிய யாருடைய இடுப்புக்கோ
நீல ஜீன்ஸை மூடித் தருகிறேன்.

ஐந்தரைக்குச் சங்கு.
ஆறே காலுக்கு மாலைக் கல்லூரி, கணக்கியல்.
நடுவே மினிபஸ்ஸில்
யாரோ ஒருத்தியின் முட்டைக்கோஸ் மூட்டைமேல் சாய்ந்து
கர்த்தாவே என்று தொடங்குவேன்.
ஆமென் வரைக்கும் போனதில்லை,
தூங்கிவிடுவேன்.
என்னிடமிருந்து அவருக்குப்
பாதி ஜெபங்களாகவே சேர்ந்திருக்கும்,
கால்சட்டை ஆகாத வெட்டுத்துணிபோல.

மே மாதம் அப்பா
சுரங்கத்தில் ஆட்குறைப்பு என்று திரும்பினார்.
ஒரு தகரப் பெட்டி, ஒரு இருமல்,
ஆறு வயதில் ஒரு பையன்.
"பெயர் ல்வாசி. அவன் அம்மா செத்துப்போனாள்."
அதற்குமேல் அவர் சொல்லவில்லை.
பையனுக்கு எங்கள் பாஷை தெரியாது.
அப்பாவின் மூக்கு அவனுக்கு.
எனக்கும் அதே மூக்கு.
அம்மா அடுப்பைப் பார்த்தபடி நின்றாள்,
சோளக்களி அடிப்பிடிக்கும்வரை.
வீட்டில் ஐந்தாவது தட்டு இல்லை.
சட்டி மூடியைத் திருப்பிப்போட்டு
அதில் அவனுக்குப் பரிமாறினாள்.

வியாழக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டம்.
அம்மாவின் சிவப்பு மேல்சட்டை, வெள்ளைக் காலர்,
மூன்று வியாழன் ஆணியிலேயே தொங்கியது.
ஏனென்று நான் கேட்கவில்லை, எனக்குப் பரீட்சை.
கட்டணத்துக்கு வைத்திருந்ததில்
இருமல் மருந்து போக, அவன் ஸ்வெட்டர் போக,
தங்கை மாமெல்லோவின் பூட்ஸ் போக
மீந்தது பஸ்ஸுக்கே போதவில்லை.
ஞாயிறும் வருகிறேன் என்று கையெழுத்துப் போட்டேன்.
ஏழாம் நாள் கர்த்தர் ஓய்ந்திருந்தார்,
அவருக்கென்ன, வாடகையா வட்டியா?
சொன்னதும் பயம் வந்தது.
மன்னிப்புக் கேட்டேன்,
அதிலும் பாதியில் தூங்கினேன்.

இருப்பாய்வில் நாற்பது இடித்தது.
பற்றும் வரவும் பக்கத்துப் பக்கத்தில் நின்று
முகம் கொடுத்துப் பேசவில்லை, எங்கள் வீடுபோல.
மூன்று இரவு மண்ணெண்ணெய் விளக்கில்
மேலிருந்து கீழே கூட்டினேன், கீழிருந்து மேலே.
பையன் தூக்கத்தில்
சில்லிட்ட பாதங்களை என் விலாவில் பதித்தான்,
கேட்காமல், உரிமைப்பட்டவன்போல்.

பக்கத்து மேசை ட்செப்போ,
பகலில் டயர்க் கடைக் கணக்குப்பிள்ளை,
கொட்டாவிக்கு நடுவே சொன்னான்:
"நாற்பதுக்காகக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே லினியோ.
அனாமத்துக் கணக்கில் எழுதிவிட்டு மேலே போ.
பிழை அகப்படும் நாளில் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம்."
அகப்படாமலே போனால்?
"அகப்படும்," என்றான். பென்சிலைக் கடித்தான்.
"அநேகமாக."

அநேகமாக.
மூட்டையில் சாய்ந்து அதையே மென்றுகொண்டு வந்தேன்.
விசுவாசம் என்று போதகர் முழங்குவது
இதைவிடப் பெரியது என்றல்லவா நினைத்திருந்தேன்.
அன்றிரவு நாற்பதை அங்கே எழுதினேன்.
கூடவே, பேனா மையில்லாமல்,
அப்பாவின் ஏழு வருஷத்தையும்
அம்மா கேட்காத கேள்வியையும்.

நான்காம் வியாழன் பனி கொட்டியது.
மின்சாரம் போய் ஆலையைச் சீக்கிரம் மூடினார்கள்.
வீட்டில் ஆணி வெறுமையாக இருந்தது.
பையனையும் காணவில்லை.
ஓடினேன், சேற்றிலும் பனியிலும்.

கோயிலில் கடைசி பெஞ்சு.
அம்மாவுக்கும் சுவருக்கும் இடையில் அவன்,
கழித்துப்போட்ட ஜிப் வைத்து நான் தைத்த கால்சட்டையில்.
எல்லாரும் கண்மூடியிருக்க
ஏற்றுகிறான், இறக்குகிறான்,
சர்ர், சர்ர்.
முன்வரிசைத் தொப்பிகள் இரண்டு திரும்பின.
அம்மா கண் திறக்கவில்லை.
அவன் கையைத் தேடிப் பிடித்துத்
தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

வாசலில், பூட்ஸில் பனி உருக நின்றேன்.
ஆமென் வந்தபோது விழித்திருந்தேன்.
நாற்பது இன்னும் அகப்படவில்லை.